ஒரு சொம்புத் தண்ணி

சன்னலோரம் எனக்கு வேணாம் தாயி, நீயே உக்காரு. இன்னிக்கு நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருற ஆளு. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கிறேன். பாத்து, மிதிச்சுறாத, உள்ள பால்கோவா டப்பா இருக்கு. மணி என்ன? எட்டே முக்காலா? உசிலம்பட்டியில ஏறும்போதே எட்டரைன்னு சொன்னானே கண்டக்டரு. இந்த டிரைவரு உருட்டுறதப் பாத்தா தேனி போய்ச் சேர மத்தியானம் ஆகிரும் போல.

கழுத்துல அட்டை தொங்குதே, ஆபீஸ் வேலையா? நானும் தேனிதான். எம் மக செல்லக்கொடி வீட்டுக்கு. விசேசம் ஒண்ணும் இல்ல, சும்மாதான். மக வீட்டுக்குப் போறதுக்குக் காரணம் வேணுமா என்ன?

கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு மட்டும் நெனைச்சுறாத. எனக்குக் கோவமே வராது, ஊருல யாரை வேணாலும் கேட்டுப் பாரு. எம் மருமக எம் பாலை வேணாமின்னு திருப்பி அனுப்பிட்டா. அம்புட்டுத்தான். ஊரே வரிசையில நிக்க, தூக்குவாளியத் திருப்பி எங் கையில குடுத்து, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டா. இதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா முடியுமா?

இந்தப் போனைச் சித்த பாரு தாயி. அடிச்சா சத்தம் கேக்குமா இதுல? எனக்கு அமுக்கத் தெரியாம எதையாச்சும் அமுக்கி வச்சிருப்பேன். கேக்குமா? சரி சரி. யாரும் கூப்புட மாட்டாக. சும்மா கேட்டேன்.

எங்க ஊரு ஒத்தக்கரட்டுப்பட்டி. ரோட்டுல இருந்து உள்ளடங்கி இருக்கும், உனக்குத் தெரியாது. அங்க பால் சொசைட்டி ஒண்ணு இருக்கு. பொம்பளைக சொசைட்டி. நாப்பத்து மூணு பேரு, அம்புட்டும் பொம்பளைக. எனக்கு ஒரு செவலை மாடு, மருமகளுக்கு அவ பொறந்த வீட்டுல குடுத்த மாடு. ஆளுக்கொரு மாடு, ஆளுக்கொரு நம்பரு. பொம்பளைக சொசைட்டின்னா தலைவியும் பொம்பளைதான் இருக்கணும். அதெல்லாம் பேருக்கு. நடத்துனது பூராவும் செக்ரட்டரி ராசாங்கம்தான். தலைவியா இருந்தவ, அவன் காட்டுற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவா.

மூணு வருசத்துக்கு முன்னாடி அந்தத் தலைவி மகன் கூடக் கோயமுத்தூருக்குப் போயிட்டா. அடுத்து யாருன்னு கேட்டாக. எல்லாரும் என்னயத்தான் பாத்தாக. நியாயந்தான, என்னய விட்டா யாரு பேசுவா எங்க ஊருல? ஆனா எனக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். அதனால யோசிச்சேன். எம் மருமக பாண்டீஸ்வரி பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. வாய் கெடையாது. வீட்டுக்கு ஆளு வந்தா அடுப்படிக்குள்ள போய் நின்னுக்குவா. அவ ஏன்னு கேட்டாக் கூட எனக்குக் கேக்காது, அம்புட்டுச் சின்னச் சத்தம் அவ சத்தம். சரி, இவளை உக்கார வச்சா கையெழுத்து அவளது, பேச்சு நம்மளதுன்னு கணக்குப் போட்டு, "எம் மருமக இருப்பா"ன்னு நாந்தான் சொன்னேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எதுக்குக் கேக்கணும்? கேட்டா வேணாமின்னுதான் சொல்லுவா.

அப்ப அவளை ஆளாக்குனது யாரு? சொல்லு. நாந்தான? அதை இன்னிக்கு ஒருத்தி சொல்றாளா பாரு!

மொதக் கூட்டத்துல அவ கை ஆடுச்சு பாரு, தண்ணி டம்ளரைப் புடிக்க முடியல, சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு. நான் பின்னாடி வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு ஏற்பாடு செஞ்சோம். நான் ஒரு தரம் இருமுனா, ராசாங்கம் சொல்றதுக்குச் சரின்னு சொல்லணும். தொண்டையச் செருமுனா, அப்புறம் பாக்கலாமின்னு சொல்லணும். சிரிக்காத தாயி. ஒன்றரை வருசம் அப்பிடித்தான் நடந்துச்சு எங்க சொசைட்டி. நான் இருமுவேன், அவ தலையாட்டுவா. ஒரு கொறை கெடையாது.

அப்புறம் ஒரு மார்கழி மாசம் எனக்குச் சளி புடிச்சுப்போச்சு. நெஞ்சு பூராவும் சளி. வீட்டுல கெடந்திருக்கலாம். நான் இல்லாமக் கூட்டம் எப்பிடி நடக்கும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். ராசாங்கம் அன்னிக்கு என்ன கொண்டாந்திருக்கான்னா, பால் ஏத்துற லாரிய மாத்தி அவன் மச்சினன் லாரிய விடணுமாம். அந்த மச்சினன் ஒரு நேரத்துக்கு வர்றவனா? எனக்குத் தெரியும் அவன் லட்சணம். வேணாமின்னு சொல்லணும்னு தொண்டையச் செருமப் போறேன், வருது பாரு இருமலு! லொக்கு லொக்குன்னு நிக்கவே இல்ல. அவ என்னயத் திரும்பிப் பாத்தா. நான் கையக் கைய ஆட்டுறேன். அதை அவ தண்ணி கேக்குறேன்னு நெனைச்சுட்டா. ஒரு டம்ளர் தண்ணியக் குடுத்து விட்டுட்டு, காயிதத்துல கையெழுத்தப் போட்டுட்டா.

மூணாம் நாளு லாரி ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. எட்டுக் கேன் பாலும் திரிஞ்சுபோச்சு. பாலைக் குளுர வைக்கிற ஸ்டேசன்ல இருந்து அப்பிடியே திருப்பி விட்டாக. எட்டுக் கேன் தாயி! எங்க ஊரு ஓடையில வெள்ளையா ஓடுச்சு. பொம்பளைக வயித்துல அடிச்சுக்கிட்டாக.

அன்னிக்குச் சாயங்காலம் ஊரே கூடி நிக்கிது. ராசாங்கம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான். இவ எங்கயாச்சும் "எங்க அத்தே இருமுனாக"ன்னு சொல்லிட்டா எம் மானம் போச்சே. இவ எந்திரிச்சா. "கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது. நாளையில இருந்து பழைய லாரி வரும். பால் ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நானும் லாரியில போறேன்"ன்னா. சத்தம் என்னமோ அதே சத்தந்தான். ஆனா பின்னாடி நின்னவகளும் முன்னாடி நகந்து வந்து கேட்டாக.

வீட்டுக்கு வந்ததும் எங்கிட்டச் சொல்றா, "அத்தே, இனிமே நீங்க இருமுனா மருந்து வாங்கித் தாரேன். ஆனா திரும்பிப் பாக்க மாட்டேன்"ன்னு. கோவமாக் கூடச் சொல்லல. எனக்குச் சோத்தப் போட்டுக்கிட்டேதான் சொன்னா. அது எனக்கு எம்புட்டு அவமானமா இருந்துச்சு தெரியுமா? பத்து வருசமா எனக்குப் பொடவை நுனியப் புடிச்சுக்கிட்டு நடந்தவ.

ஏ, என்ன வண்டி நின்னுருச்சு? கணவாய் ஏறலையா இன்னும்? ஏப்பா கண்டக்டரு! என்னப்பா முன்னாடி? லாரி மக்கர் பண்ணிருச்சா? போச்சு. எதுத்தாப்புல வர்ற வண்டியும் நிக்கிதா? மணி என்ன தாயி? ஒம்பதா. பத்தரைக்கு... இல்ல, ஒண்ணும் இல்ல. பத்தரைக்கு ஊருல ஒரு கூட்டம். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல.

எங்க விட்டேன்? ஆங், லாரி. சொன்ன மாதிரியே டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்து போயிட்டா. ஒரு நாள் கூத்துன்னு நெனைச்சேன். ஒரு மாசம் போனா. மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனா, புள்ளைக்குக் காய்ச்சல் அன்னிக்குக் கூட எங்கிட்ட விட்டுட்டுப் போனா. எம் மகன் மாயக்கண்ணங்கிட்டச் சொன்னேன், என்னடா பொண்டாட்டி லாரியில போறான்னு. அவன் "அத நீயாச்சு அவளாச்சு, அவளைத் தலைவியாக்குனது நீதான"ன்னுட்டு டிராக்டர எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்.

அங்க ஸ்டேசன்ல போய் இவ என்ன செஞ்சான்னா, பக்கத்துலயே நின்னு பாத்திருக்கா. எப்பிடி டெஸ்ட் பண்றாக, எதைத் தள்ளுறாக, எதுக்குத் தள்ளுறாகன்னு. அங்க இருக்குற ஆபீசருகிட்டக் கேள்வி கேட்டுக் கேட்டு, அவரு சலிச்சுப்போய் கையில நோட்டக் குடுத்து நீயே எழுதிக்கம்மான்னுட்டாராம். வெளி ஊரு சொசைட்டித் தலைவிக நாலஞ்சு பேரை அங்க பழக்கம் புடிச்சுக்கிட்டா. போன்ல அவளுகளோட ஓயாத பேச்சு. எங்கிட்டப் பேசாத பேச்செல்லாம் அவளுகளோட பேசுனா. அதுலதான் கண்டுபுடிச்சிருக்கா, எங்க ஊரு பாலுக்கு எப்பவுமே டிகிரி கம்மின்னு.

டிகிரின்னா உனக்குப் புரியாதுல்ல? பாலுக்குள்ள ஒரு கண்ணாடிக் கொழாய மெதக்க விடுவாக. நல்ல பாலா இருந்தா தூக்கி நிறுத்தும், தண்ணி சேந்திருந்தா கொழாய் உள்ள எறங்கிரும். இருபத்தெட்டுக்கு மேல நிக்கணும். எங்க ஊரு கேன் இருபத்தேழு, இருபத்தாறுன்னு நின்னிருக்கு. இப்பிடியே போனா உங்க ஊரு பாலே வேணாமின்னு நிறுத்திருவோம்னு சொல்லிட்டாகளாம்.

தண்ணி யாரு கலக்குனா? எங்க ஊருல எவளும் தண்ணி கலக்க மாட்டா. சத்தியமாச் சொல்றேன். மாடு லெச்சுமி, அதுக்குத் துரோகம் செய்வாகளா? கறந்து முடிச்சதும் சொம்புல ஒட்டிக்கிட்டு இருக்குற பாலு வீணாப் போகுமேன்னு ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி அலசி, அதையும் தூக்குவாளியில ஊத்துவோம். அம்புட்டுத்தான். எங்க ஆத்தா ஊத்துனா, எங்க மாமியா ஊத்துனாக, நான் ஊத்துறேன். அதுல இருக்குறதும் பாலுதான? அலசி ஊத்துறது எப்பிடித் தண்ணி கலக்குறதாகும்? நீயே சொல்லு. நீ படிச்சவ.

சன்னலுக்கு வெளிய பாக்குறியே. சரி விடு.

ஒரு நாளு சாயங்காலம் எல்லாரையும் பால் கறக்குற சொம்போட சொசைட்டிக்கு வரச் சொன்னா. போனோம். நடுவுல ஒரு காலிக் கேனு, பக்கத்துல ஒரு டிரம்மு நெறையத் தண்ணி. "வீட்டுல சொம்பு அலச எம்புட்டுத் தண்ணி புடிப்பீகளோ, அம்புட்டுப் புடிச்சு இந்தக் கேன்ல ஊத்துங்க"ன்னா. யாரும் நகரல. யாரு மொதல்ல ஊத்துவா? மொத ஊத்துறவ திருடி ஆகிற மாட்டாளா?

இவ என்ன செஞ்சா தெரியுமா? எம் மடியில இருந்து எஞ் சொம்ப எடுத்தா. எங் கல்யாணத்துக்கு எங்கண்ணன் வாங்கிக் குடுத்த சொம்பு, ஒச்சம்மாள்னு பேரு வெட்டியிருக்கும். அதுல தண்ணிய மோந்து, "இது எங்க வீட்டுச் சொம்பு"ன்னு சொல்லி, எல்லாரும் பாக்க மொதல்ல ஊத்துனா. அடியாத்தி, பூமி பொளந்து உள்ள போயிற மாட்டமான்னு இருந்துச்சு எனக்கு! அவ சொம்ப எடுத்திருக்கலாம்ல? எஞ் சொம்பா கெடைச்சுச்சு?

அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா எந்திரிச்சா. சிரிச்சுக்கிட்டும் மொணமொணத்துக்கிட்டும் ஊத்துனாளுக. கடைசியாளு ஊத்தி முடிச்சப்ப முக்காக் கேன் தண்ணி நின்னுச்சு. முக்காக் கேன்! அம்புட்டுப் பேரும் எட்டிப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டாக. இவ சொல்றா, "யாரும் திருடல. எல்லாரும் சேந்து ஊத்தியிருக்கோம். இப்ப என்ன செய்யலாமின்னு நீங்களே சொல்லுங்க." சொல்லிட்டுப் போய் உக்காந்துட்டா.

இதென்ன கூத்து? தலைவின்னா இன்னதைச் செய்யுங்கன்னு அதட்டிச் சொல்லணும். நானா இருந்திருந்தா நாலு அதட்டு அதட்டியிருப்பேன். இவ உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு மொகமாப் பாக்குறா. எனக்கு ஒரே புழுக்கம், எந்திரிச்சு ரெண்டு தரம் உக்காந்தேன். கடைசியில யாரு வாயத் தொறந்தான்னா, அந்த விருமாயி. புருசனும் இல்லாம, பேச்சும் இல்லாம, ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு மூலையில கெடக்குறவ. அவ வாயில இருந்து வார்த்தை வந்து நான் கேட்டதே அன்னிக்குத்தான். "அலசுன தண்ணிய மாட்டுத் தொட்டியில ஊத்துவோம். பாலும் வீணாகாது, மாட்டுக்கும் சேரும்"ன்னா. எல்லாரும் ஆமா ஆமான்னாக. யாரு பாலு இருபத்தெட்டுக்குக் கொறைஞ்சாலும் அன்னிக்குத் திருப்பிருறதுன்னும் அவகளாவே பேசி முடிச்சாக. இவ கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. சும்மா உக்காந்திருந்தவளுக்குப் பேரு தலைவி!

இப்ப அந்த விருமாயி கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறா. நிறுத்த முடியல.

எல்லாரும் ஆமான்னாக, சரி. நான் ஆமான்னேனா? நான் வாயத் தொறக்கல. எம் வீட்டுல இருந்துக்கிட்டு, எஞ் சொம்ப மொதல்ல ஊத்துனவ போட்ட சட்டத்துக்கு நான் எதுக்குக் கட்டுப்படணும்? பழையபடி அலசி, கொழாயில தெரியாத அளவுக்கு ஊத்துனேன். அப்புறம் கொஞ்சம் தாராளமாத்தான் ஊத்துனேன், இல்லேங்கல. மாமியா பாலத் திருப்ப அவளுக்குத் தைரியம் வருமா? வராதுன்னுதான் நெனைச்சேன்.

முந்தாநாளு காலையில வரிசையில நின்னேன். எம் மொறை வந்துச்சு. கொழாய விட்டா. பாத்தா. எடுத்துக் கழுவித் தொடைச்சுட்டுத் திருப்பி விட்டா. திருப்பியும் பாத்தா. மூணாந் தரமும் விட்டா. அவ கண்ணு கலங்கிருச்சு தாயி, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஆனா கை ஆடல. ஒரு சொட்டு ஆடல. "அத்தே, இருபத்தஞ்சு இருக்கு. இன்னிக்கு இந்தப் பாலு வேணாம். சாயங்காலம் கொண்டாங்க"ன்னா.

நான் விட்டனா? நாக்கப் புடுங்கிக்கிறாப்ல கேட்டேன். உனக்குப் பேறுகாலம் பாத்தது யாருடீன்னேன். "நீங்கதான் அத்தே"ன்னா. உன்னய இந்த நாக்காலியில உக்கார வச்சது யாருடீன்னேன். "நீங்கதான் அத்தே"ன்னா. நீ லாரியில போறப்ப எல்லாம் உம் புள்ளைய மடியில போட்டுக் கெடந்தது யாருடீன்னேன். "எல்லாம் நீங்கதான் அத்தே. ஆனா பாலு இருபத்தஞ்சு"ன்னா. தூக்குவாளியத் தூக்கிக்கிட்டுத் தெரு வழியா நடந்து வந்தேன். வாசலுக்கு வாசல் நின்னு பாக்குறாளுக.

அந்தப் பாலைக் கீழ கொட்ட மனசு வரல. சட்டியில ஊத்திப் பால்கோவாக் கிண்டுனேன், மகளுக்கு ஆகட்டுமேன்னு. அதுதான் இந்த டப்பா. அந்தச் சனியன் வத்துனாத்தான? மத்த நாளு ஒரு மணி நேரத்துல தெரண்டுரும். முந்தாநாளு ரெண்டு மணி நேரம் கிண்டியும் கொதிச்சுக்கிட்டே கெடக்கு. வெறகு ஈரம், வேற ஒண்ணும் இல்ல.

இந்தா, ஒரு வாய் போட்டுக்க. கூச்சப்படாத. எப்பிடி இருக்கு? நல்லாருக்குல்ல? செவலைப் பாலு அப்பிடி.

மணி என்னாச்சு? ஒம்பதேகாலா? இன்னும் அந்த லாரிய எடுக்கலையா?

சொல்லிட்டாத்தான் மனசு ஆறும் போல, கேளு. அந்தப் பத்தரை மணிக் கூட்டம் எதுக்குன்னா, பாண்டீஸ்வரி தலைவியா இருக்கணுமா, எறங்கணுமான்னு முடிவு பண்ண. மூணு வருசம் முடிஞ்சுபோச்சு. ராசாங்கம் அவன் பொண்டாட்டி பவுன்தாயிய நிறுத்துறான். கையத் தூக்கணும். எண்ணிப் பாத்தாச்சு, அங்கிட்டு இருபத்தொண்ணு, இங்கிட்டு இருபத்தொண்ணு. மிச்சம் ஒருத்தி. எம் மூஞ்சியப் பாரு, அந்த ஒருத்தி யாருன்னு தெரியும்.

நேத்துப் பகல்ல ராசாங்கம் வீடு தேடி வந்தான். "அக்கா, பெத்த தாயாட்டம் இருக்குற மாமியாரையே மதிக்காதவ ஊரை மதிப்பாளா?"ன்னான். என்னமா எம் மனசுல இருக்குறத எடுத்துச் சொல்றான்னு குளுந்துபோச்சு எனக்கு. காப்பித்தண்ணி போட்டுக் குடுத்தேன். "உங்க கை ஒண்ணு போதும். பவுன்தாயி வந்துட்டா டிகிரியாவது மண்ணாவது, யாரு பாலையும் திருப்ப மாட்டோம்"ன்னான். நல்லதுன்னேன். போறப்போ செருப்ப மாட்டிக்கிட்டே, "லாரியும் திரும்ப நம்ம மச்சினனே விட்டுருவான்"ன்னான். அது மட்டும் எனக்குச் சுருக்குன்னுச்சு. எட்டுக் கேன் பாலு, ஓடையில ஓடுச்சே. கண்ணுக்குள்ளயே நிக்கிது.

இவ வந்து கேப்பான்னு பாத்தேன். கால்ல விழுவா, அழுவா, அத்தே மன்னிச்சுருங்கன்னுவான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வந்தா. சோத்தப் போட்டா. "ராசாங்கம் மாமா வந்தாகளாமே. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுக்குக் கையத் தூக்குங்க அத்தே"ன்னுட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா. அம்புட்டுத் திமிரு!

அதான், ரெண்டு பேருக்கும் வேணாமின்னு நான் பாட்டுக்குக் கெளம்பிட்டேன். காலையில செவலையக் கறந்தேன். அது வேற யாரு கைக்கும் எறங்காது, நாந்தான் கறக்கணும். கறந்து முடிச்சு, சொம்ப எடுத்துக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்குப் போனேன். மோந்தேன். அப்புறம் மாட்டுத் தொட்டியில ஊத்திட்டேன். ஏன்னு கேக்காத. பஸ்ஸுக்கு நேரமாச்சு, அந்த அவசரத்துல கை அப்பிடிப் போயிருச்சு. தூக்குவாளிய நடை வாசல்ல வச்சுட்டு, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். பாலு என்னாச்சோ. பூனை கீனை வாய் வச்சிருக்கும்.

ஏ, போனு! போனு அடிக்கிது! எடு தாயி, நீ எடு, யாரு பேரு தெரியுதுன்னு பாரு. பாண்டீஸ்வரியா? குடு, இங்க குடு. எதை அமுக்கணும்? பச்சையா?

ம்... சொல்லு. எங்க இருக்கேன்னா, பஸ்ஸுல இருக்கேன். கணவாய்ல. ஆமா, மக வீட்டுக்குத்தான். ம்... ம்... எம்புட்டு? இன்னொரு தரம் சொல்லு. ம். சரி. அதுக்கு எதுக்கு இப்பக் கூப்புட்ட? ம்... செவலைக்குத் தவிட்டுத் தண்ணி வையி, வெறுந் தண்ணி குடிக்காது அது. ம், சொல்றேன். வேற எதும் சொல்லணுமா? ... வேற ஒண்ணும் இல்லையா? சரி. வையி.

வச்சுட்டா.

முப்பதாம். எம் பாலு இன்னிக்கு முப்பது டிகிரியாம். "ஊருலயே இன்னிக்கு உங்க பாலுதான் அத்தே ஒசத்தி, அத உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு"ன்னா. பாத்துப் பத்திரமாப் போங்க, செல்லக்கொடி மதினியக் கேட்டதாச் சொல்லுங்கன்னா. அம்புட்டுத்தான். கூட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் வாய் விட்டுக் கேட்டேன், வேற எதும் சொல்லணுமான்னு. நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? இல்ல அத்தேன்னுட்டா.

இன்னும் ஒரு மணி நேரத்துல நாக்காலி போகப் போகுது அவளுக்கு. ஒத்தக் கை கொறையுது. அந்தக் கைக்குச் சொந்தக்காரி போன்ல இருக்கேன். கேக்க மாட்டேங்குறா பாரு, பாவி மக. கேட்டிருந்தா, எங் குலசாமி சத்தியமா, நான் வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்.

ரெண்டு மணி நேரம் கிண்டுனேன் தாயி. வெறகு காஞ்ச வெறகு. அம்புட்டும் தண்ணி.

எந்திரி, எந்திரி, வழி விடு. ஏப்பா கண்டக்டரு, நான் எறங்குறேன்! கணவாயா இருந்தா என்ன, எனக்குக் கால் இல்லையா? எதுத்தாப்புல உசிலம்பட்டி வண்டி நிக்கிதுல்ல, அதுல ஏறிக்கிறேன். லாரிய ஓரம் தள்ளிட்டானுகளா? தள்ளிட்டான், தள்ளிட்டான். இந்தா, பையப் புடிச்சுக் குடு. டப்பாவ நீயே வச்சுக்க, ஆபீசுல நாலு பேருக்குக் குடு. எம் மகளுக்கு நல்ல பாலுல செஞ்சு இன்னொரு நாளு கொண்டு போறேன்.

சிரிக்காத. செவலைக்காகத்தான் போறேன். தவிட்டுத் தண்ணி எம்புட்டுச் சூட்டுல வைக்கணும்னு அவளுக்குத் தெரியாது.

கூட்டத்துக்கும் போவேன். பின்னாடி வரிசையில என் எடத்துலயே உக்காந்துக்குவேன். கையத் தூக்குறப்ப நல்லா ஒசத்தித் தூக்குவேன், ராசாங்கத்துக்குத் தெரியட்டும். தொண்டையில காலையில இருந்து என்னமோ கரகரன்னு இருக்கு தாயி. இருந்துட்டுப் போகுது. இரும மாட்டேன்.